பிழைத்திருந்தால்: ட்ராட்ஸ்கியை உயிரோடு விட்டுவைக்கும் கதைகள் குறித்து

'ஆல்' விகுதிக்கு வரலாற்றில் இடமில்லை என்று தோழர்கள் சொல்வார்கள். இந்தக் கறாரெல்லாம் கூட்டத்தில்தான். கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்துவிட்டால் அந்த 'ஆல்' இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. இருபது வயதில் நான் போய்வந்துகொண்டிருந்த ஒரு வாசகர் வட்டத்தில் 'ட்ராட்ஸ்கியவாதி' என்பது வசைச்சொல். யாரை வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அங்கே ஒருநாள் ஒரு இளந்தோழர், "அந்த ஆள் மட்டும் உயிரோட இருந்திருந்தா எல்லாமே வேற மாதிரி ஆயிருக்கும் தோழர்" என்றார். மூத்தவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே, "உயிரோட இருந்திருந்தா நாமளே போய்ச் சுட்டிருப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். இன்று யோசித்தால் அந்த இரண்டு வாக்கியங்களுமே மாற்று வரலாற்றுப் புனைவுகள்தான். ஒன்று ஆசை, மற்றது ஒப்புதல் வாக்குமூலம். நாடுகடத்தப்பட்ட புரட்சியாளன் கொலையிலிருந்து தப்பிவிடுகிற கதைகள் பெரும்பாலும் முதல் வாக்கியத்திலிருந்து கிளம்புகின்றன. இரண்டாவதிலிருந்து கிளம்புகிறவை கொஞ்சம்தான். எனக்கு அக்கறை அந்தக் கொஞ்சத்தின்மீது.

நடந்ததில் ஒரே ஒரு கண்ணியை மாற்றிவிட்டு, அதன்பின் உலகம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லிச் செல்வது இந்த வகைமையின் பொதுவான வேலைமுறை. 1933 பிப்ரவரியில் மயாமியில் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். ரூஸ்வெல்ட் தப்பினார். சிகாகோ மேயர்தான் குண்டுபட்டுப் பிறகு இறந்துபோனார். அந்தக் குறி தப்பவில்லை என்று வைத்துக்கொண்டுதான் பிலிப் கே. டிக் 1962இல், ஜெர்மனியும் ஜப்பானும் வென்ற உலகத்தைத் தன் நாவலில் எழுதினார். ஒரு தோட்டாவின் திசை மாறியதும் உலக வரைபடமே மாறிவிடுகிறது. வாசகனுக்கு இதில் ஒரு போதை உண்டு. வரலாற்று அறிஞர்களுக்கு எரிச்சல். 'நடந்திருந்தால்' என்ற பேச்செல்லாம் பொழுதுபோக்கு விளையாட்டு என்று இ.எச். கார் 1961லேயே ஒதுக்கிவிட்டார். ரஷ்யப் புரட்சி நடந்திருக்கக் கூடாது என்று ஏங்குகிறவர்களின் விளையாட்டு என்பது அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதே விளையாட்டைப் புரட்சியை நடத்தியவரே ஆடியிருக்கிறார் என்பதை என்ன செய்வது?

1935 மார்ச்சில், பிரான்சில் தலைமறைவுபோல வாழ்ந்துகொண்டிருந்த ட்ராட்ஸ்கி தன் நாட்குறிப்பில் ஒரு கணக்குப் போடுகிறார். 1917இல் பெத்ரோகிராதில் நான் இல்லாமல் போயிருந்தாலும், லெனின் இருந்திருந்தால் அக்டோபர் நடந்திருக்கும். நாங்கள் இருவருமே இல்லையென்றால் நடந்திருக்காது – இதுதான் கணக்கு. 1898இல் பிளெகனோவ் 'வரலாற்றில் தனிமனிதரின் பாத்திரம்' பற்றி எழுதியதைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. ஒரு ஆள் விழுந்தால் வரலாறு அந்த இடத்துக்கு இன்னொரு ஆளைக் கொண்டுவந்துவிடும் என்பது அவர்களுக்கு அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியை அதில் தேர்ந்தவரே மீறுகிறார். அவருடைய வாழ்க்கையை மூன்று பாகங்களில் எழுதிய ஐசக் டாய்ச்சர் இந்த இடத்தில் நெளிகிறார். 1963இல் வந்த மூன்றாம் பாகத்தில், தோற்று ஒதுக்கப்பட்டவனின் தனிமைதான் இப்படிப் பேசவைக்கிறது என்ற ரீதியில் விளக்கம் தேடுகிறார். இருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே பதிவில் வரும் இன்னொரு கணக்கு. அடுத்த தலைமுறையிடம் பொறுப்பை ஒப்படைக்கத் தடையில்லாத உழைப்போடு குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது வேண்டும் என்கிறார். அன்றிலிருந்து 1940 ஆகஸ்ட் வரை எண்ணிப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளும் ஐந்து மாதங்களும். கேட்டது கிடைத்திருக்கிறது! 'இன்னும் ஒரு ஐந்து வருஷம் இருந்திருந்தால்' என்று கதை எழுத வருகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைத் தாண்ட வேண்டும்.

தாண்டுகிறவர்கள் பெரும்பாலும் நேராக மாஸ்கோவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஸ்டாலினின் நாற்காலியில் ட்ராட்ஸ்கியை உட்காரவைத்துவிட்டால் பஞ்சம் கிடையாது, விசாரணைகள் கிடையாது, முகாம்கள் கிடையாது. அல்லது எதிர்முகாம் எழுதினால், எல்லாம் இருக்கும், பெயர் மட்டும் மாறியிருக்கும். ஹாரி டர்ட்டில்டவ் எழுதிய 'ஜோ ஸ்டீல்' (2015) நாவலில் ஸ்டாலினுடைய பெற்றோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார்கள், பிள்ளை அங்கே ஜனாதிபதியாகிவிடுகிறான், மாஸ்கோவில் ட்ராட்ஸ்கி. சுவாரஸ்யமான சதுரங்கம்தான். ஆனால் காய்களை இடம் மாற்றலாமே தவிரப் பலகை அப்படியே இருக்கும். வரலாறு என்பது இரண்டு மண்டை ஓடுகளுக்குள் நடக்கிற விவகாரமாகச் சுருங்கிவிடுகிறது. 1936–37இல் மாஸ்கோவில் உட்கார்ந்து லூக்காச் வரலாற்று நாவல் பற்றி எழுதியபோது, வால்டர் ஸ்காட்டின் பலம் பெரிய மனிதர்களைக் கதையின் ஓரத்தில் நிறுத்தியதுதான் என்றார். நடுவில் நடமாடுகிறவன் சாதாரணமானவன். இரண்டு பக்கமும் இழுபடுகிறவன். மாற்று வரலாற்றுப் புனைவு இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஒரு பெரிய மனிதன், ஒரு தோட்டா. மக்கள் பின்னணித் திரைச்சீலை. வெளியே விசாரணைகள் நடந்துகொண்டிருந்த அதே ஊரில், அதே ஆண்டுகளில் லூக்காச் இதை எழுதினார் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

மாஸ்கோவுக்குத் திரும்பும் கதைகளில் இன்னொரு சௌகரியம் உண்டு. 1921 மார்ச்சில் கிரான்ஸ்டாட் மாலுமிகளின் எழுச்சி நசுக்கப்பட்டபோது ராணுவ மக்கள் ஆணையர் யார்? 1920இல் உழைப்பை ராணுவமயமாக்க வேண்டும் என்று எழுதியது யார்? அந்த ஆள் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதற்கு நியாயம் உண்டு. கேட்டால் ஸ்டாலினியம் ஆகிவிடுமோ என்று ஒரு தரப்பு பயப்படுகிறது. கேட்டுவிட்டு, 'பார்த்தாயா, எல்லாம் ஒன்றுதான்' என்று இன்னொரு தரப்பு படுத்துத் தூங்கிவிடுகிறது. இரண்டு பேருக்குமே அவர் செத்துப்போனது வசதி.

இந்த வசதியை முதலில் புரிந்துகொண்டவர் ஜார்ஜ் ஆர்வெல் என்று நினைக்கிறேன். 'விலங்குப் பண்ணை' வந்தது 1945இல். அசல் மனிதர் இறந்து ஐந்து வருஷமாகிவிட்டது. ஆனாலும் கதையில் ஸ்னோபால் சாகவில்லை. நாய்கள் விரட்டுகின்றன, வேலிக்கு வெளியே ஓடி மறைகிறது, அவ்வளவுதான். அதன்பிறகு காற்றாலை இடிந்தாலும் அதன் வேலை, விதைத் தானியத்தில் களை கலந்தாலும் அதன் வேலை. 1949இல் வந்த '1984'இலும் கோல்ட்ஸ்டைன் இருக்கிறான், அல்லது இருப்பதாகச் சொல்கிறார்கள். தினமும் இரண்டு நிமிடம் அவனைப் பார்த்துக் கத்த வேண்டும். அவன் எழுதியதாகச் சொல்லப்படும் புத்தகத்தைக்கூடக் கட்சியே எழுதியிருக்கலாம். ஆர்வெலை யாரும் மாற்று வரலாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. ஆனால் இந்த இரண்டு பிரதிகளிலும் நடப்பது அதுதான்: கொல்லப்பட்ட புரட்சியாளன் தப்பியிருக்கிறான், தப்பியிருப்பது அவன் சாமர்த்தியத்தால் அல்ல, அதிகாரத்துக்கு அவன் தேவைப்படுவதால். மெய்யான ஸ்டாலின் செய்ததைவிட ஆர்வெலின் பன்றி புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. ஆர்வெலைப் பனிப்போர் எழுத்தாளர் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அவரை அப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. அதற்காக இந்த இடத்தை விட்டுவிட முடியாது.

டேவிட் ஐவ்ஸ் என்ற அமெரிக்க நாடகாசிரியர் 1991இல் ஒரு குறுநாடகம் போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே போய்விட்டது. மேடையில் ட்ராட்ஸ்கி தலையில் பனிக்கோடரி செருகியபடியே எழுதிக்கொண்டிருக்கிறார். மனைவி கலைக்களஞ்சியத்தோடு வந்து, அவர் இன்று இறந்துபோவார் என்று அதிலிருந்து வாசித்துக் காட்டுகிறார். விவாதம் நடக்கிறது, சாகிறார், மணி அடிக்கிறது, மறுபடி முதலிலிருந்து. எட்டுத் தடவை. கொலைக்கும் சாவுக்கும் இடையில் கிடைத்த ஒரு நாளைத்தான் ஐவ்ஸ் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இது பெரிய நாவல்களைவிட நேர்மையானது: எத்தனை தடவை மாற்றினாலும் கலைக்களஞ்சியத்தில் அச்சான வரி மாறாது என்பதை மேடையிலேயே வைத்துவிடுகிறது.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். கொலை முயற்சியிலிருந்து பிழைத்த ட்ராட்ஸ்கியைப் புனைய வேண்டிய அவசியமே இல்லை. அப்படி ஒருவர் 88 நாட்கள் இருந்தார்.

1940 மே 24, விடியற்காலை. மெக்சிகோ நகரத்தின் கொயோஅகான் பகுதி, வியன்னா தெரு வீடு. ஓவியர் சிக்வைரோஸ் தலைமையில் சுமார் இருபது பேர், போலீஸ், ராணுவ உடுப்பில் உள்ளே நுழைந்து படுக்கையறையைச் சல்லடையாக்கினார்கள். பாய்ந்த குண்டுகள் இருநூறுக்கு மேல். ட்ராட்ஸ்கியும் மனைவி நத்தாலியா செடோவாவும் கட்டிலிலிருந்து உருண்டு சுவர் மூலையில் ஒடுங்கித் தப்பினார்கள். பதினான்கு வயதுப் பேரனுக்குக் காலில் காயம். (இந்த சிக்வைரோஸ் பிறகு சிலிக்குப் போக விசா கொடுத்து உதவியவர் பாப்லோ நெருதா. நெருதாவைக் கொண்டாடும்போது நாம் இந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டிவைத்துவிடுகிறோம்.)

பிழைத்தவர் அடுத்து என்ன செய்தார்? உலகப் புரட்சிக்குத் தலைமை தாங்கவில்லை. தன்னைக் கொல்ல வந்தது மெய்தான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். அவரே ஆள் வைத்துச் சுடச்சொல்லி நாடகமாடினார் என்று மெக்சிகோ கம்யூனிஸ்ட் பத்திரிகை எழுதியது. போலீசுக்கும் அந்தச் சந்தேகம். அவருடைய செயலாளர்கள் இருவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஒரு புரட்சியாளனின் கடைசிக் கோடைகாலம் மனு எழுதுவதிலும், சுவரை உயர்த்துவதிலும், இரும்புக் கதவு போடுவதிலும் கழிந்தது. ஸ்டாலின் வாழ்க்கை வரலாறு பாதியில் கிடந்தது. அன்றிரவு காவலில் இருந்த அமெரிக்க இளைஞர் ராபர்ட் ஷெல்டன் ஹார்ட் கடத்தப்பட்டு, ஜூனில் சுண்ணாம்புக் குழியில் பிணமாகக் கிடைத்தார். உள்ளாள் அவர்தான் என்றார்கள். ட்ராட்ஸ்கி அதை அடியோடு மறுத்து, வீட்டு முற்றத்தில் அவர் பெயரில் நினைவுக்கல் பதித்தார். சோவியத் ஆவணங்கள் வெளிவந்த பிறகு, அவரும் அந்த உளவு வலையில் இருந்தவர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 17 அன்று ரமோன் மெர்காதெர், ஜாக்சன் என்ற பெயரில், ஒரு கட்டுரையைத் திருத்தச் சொல்லிக் கொண்டுவந்தான். தொப்பியைக் கழற்றாமல் மேசை விளிம்பில் உட்கார்ந்தான். அந்த ஆளின் போக்கு சரியில்லை என்று ட்ராட்ஸ்கிக்குப் பட்டது. மனைவியிடம் சொல்லவும் செய்தார். ஆனாலும் 20ஆம் தேதி, முயல்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர், கையில் மழைக்கோட்டோடு வந்தவனை மறுபடி அறைக்குள் கூட்டிப் போனார். வெயில் நாளில் மழைக்கோட்டு! மறுநாள் உயிர் போனது. கதை எழுதுகிறவர்களுக்குப் பிடித்த கீல் இந்த மூன்று நாட்கள்தான்: சந்தேகத்தைப் பொருட்படுத்தியிருந்தால்?

தமிழில் பிழைத்தல் என்ற வினைக்கு இரண்டு பொருள். உயிர் தப்புவதும் பிழைத்தல், தவறு செய்வதும் பிழைத்தல். சிலப்பதிகாரப் பதிகத்தில் வருகிற 'பிழைத்தோர்' தவறிழைத்தவர்கள். 'புள்ள பொழச்சுக்கிச்சு' என்று பாட்டி சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டது என்று அர்த்தம். கட்சிப் பேச்சில் இதிலிருந்து மூன்றாவதாக ஒன்றையும் உண்டாக்கி வைத்திருக்கிறோம்: பிழைப்புவாதி. புரட்சியாளன் பிழைத்துவிடும் கதை நல்ல கதையாக வேண்டுமென்றால் இந்த மூன்று பொருளையும் தாங்கியாக வேண்டும். உயிரோடு இருக்கிறவன் தவறு செய்வான். ஹார்ட் விஷயத்தில் செய்ததுபோல. தியாகிக்கு மட்டும்தான் அந்தத் தொல்லை இல்லை.

ட்ராட்ஸ்கி தனக்கு ஒரு கெடுவும் வைத்துக்கொண்டார். 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய மாதத்திலேயே எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது. இந்தப் போர் பாட்டாளி வர்க்கப் புரட்சியைக் கொண்டுவராமல் போனால், அந்த வர்க்கம் ஆளும் ஆற்றல் அற்றது என்று தெரியவந்தால், சோஷலிச வேலைத்திட்டம் ஒரு கற்பனை உலகமாக முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி நடக்காது என்று நம்பித்தான் எழுதினார். ஆனால் எழுதிவிட்டார். 1945க்குப் பிறகு அவர் இருந்திருந்தால்? செம்படை பெர்லினில். கிழக்கு ஐரோப்பாவில் தொழிலாளர் எழுச்சியே இல்லாமல் மேலிருந்து சொத்துடைமை மாற்றப்படுகிறது. 1949இல் சீனாவில் விவசாயப் படையோடு மாவோ வெல்கிறார். அவருடைய நான்காம் அகிலமோ கையளவு ஆட்கள், நாட்டுக்கு ஒரு பிளவு. கெடு முடிந்துவிட்டது. அந்த எழுபது வயதுக்காரர் காலையில் மேசைமுன் உட்கார்ந்து என்ன எழுதியிருப்பார்? இதுதான் எழுதப்பட வேண்டிய நாவல். 1956இல் ஹங்கேரியில் தொழிலாளர் கவுன்சில்கள் வந்தபோது, அவற்றைச் சோவியத் டாங்கிகள் நசுக்கியபோது, அவருக்கு எழுபத்தேழு. நான் சொன்னேனே என்று மகிழவா, நான் கட்டிய படை என்று குன்றவா? மாஸ்கோவுக்குக் கூட்டிப்போகும் கதைகளுக்கு இந்தச் சங்கடமெல்லாம் தெரியாது. (1940 பிப்ரவரியிலேயே ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, மூளை நரம்பு வெடித்துச் சாகலாம் என்று உயில் எழுதி வைத்தவர் அவர். கோடரி இல்லாமலும் அடுத்த வருஷமே போயிருக்கலாம். இதையும் எந்தக் கதையும் கணக்கில் எடுப்பதில்லை.)

நமக்கு நெருக்கமான ஒரு காட்சி இருக்கிறது. நான்காம் அகிலத்துக்கு வெகுஜனக் கட்சி என்று காட்ட இருந்த மிகச் சில இடங்களில் இலங்கை ஒன்று. 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி. 1942 ஏப்ரலில் கண்டி சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்து போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சியைக் கட்ட உதவியவர்களில் என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு ஆகிவிடும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்த அதே கொல்வின்தான், சிங்களத்தை ஆட்சிமொழியாக்கி பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த 1972 அரசியலமைப்புக்குப் பொறுப்பான அமைச்சர். நடுவில் 1964: சிறிமாவோ அரசில் கட்சி சேர்ந்தது, என்.எம். நிதியமைச்சரானார், அகிலம் உறவை அறுத்துக்கொண்டது. எட்மண்ட் சமரக்கொடி போன்றவர்கள் வெளியேறினார்கள்.

கொயோஅகானில் எண்பத்து நான்கு வயதில் ட்ராட்ஸ்கி அப்போது உயிரோடிருந்திருந்தால் கொழும்புக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். வந்து? 'கிழவருக்கு இங்கத்த நிலைமை விளங்காது' என்று மடித்து மேசை இழுப்பறையில் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். மாறாக, கூட்டணியைப் பெரியவர் ஆதரித்தே எழுதியிருந்தால்? வெளியேறியவர்கள் எந்தப் பெயரால் வெளியேறியிருப்பார்கள்? செத்த ட்ராட்ஸ்கியின் படத்தை இரு தரப்புமே சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது. உயிரோடிருப்பவரை மாட்ட முடியாது. ஈழத் தமிழ் வாசகர்கள் இதைப் படித்தால் சிரிக்கமாட்டார்கள் என்று தெரியும். 1972இலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள்.

சொல்ல வந்ததில் பெரும்பகுதி ஊகம் அல்ல என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மே 24 இரவு அந்தக் கட்டிலிலிருந்து உருண்ட இருவரில் ஒருவர் உண்மையிலேயே பிழைத்தார். நத்தாலியா செடோவா 1962 ஜனவரி வரை வாழ்ந்தார். 1951 மே மாதம் நான்காம் அகிலத்தின் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதித் தன் உறவை முறித்துக்கொண்டார். சோவியத் ஒன்றியத்தை இன்னமும் தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்டிருப்பதையும், கொரியப் போரில் ஸ்டாலினிய ராணுவத்தின் பக்கம் நிற்பதையும் ஏற்க முடியாது என்றார். கணவருடைய பழைய சூத்திரங்களை மாற்றாமல் ஒப்பித்துக்கொண்டிருப்பதைக் கண்டித்தார். அகிலம் மரியாதையோடு வருத்தப்பட்டது. பிறகு வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. விதவையின் சோர்வு, முதுமை, சுற்றியிருப்பவர்களின் தாக்கம் என்றெல்லாம் காரணம் சொல்வது எளிது. ட்ராட்ஸ்கியே எழுதியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்களோ?

ட்ராட்ஸ்கியின் சாவைப் பற்றி கப்ரேரா இன்ஃபான்டே கேலி எழுதினார், ஜோசப் லோசி படம் எடுத்தார், லியோனார்தோ பதூரா கொலையாளியையே நாவலின் ஒரு நாயகனாக்கினார். நத்தாலியாவின் அந்த இருபத்தொரு வருஷத்தை மையமாக வைத்த ஒரு நாவல் என் கண்ணில் படவில்லை. அதற்கு எந்தக் கண்ணியையும் மாற்ற வேண்டாம். பேரன் எஸ்தபான் வோல்கோவ் அதே வீட்டில் வளர்ந்து, 1990இல் அதை அருங்காட்சியகமாக்கி, வந்தவர்களுக்கெல்லாம் அந்த இரவைச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, 2023 ஜூனில் இறந்தார். 1951இல் நத்தாலியா அந்தக் கடிதத்தை எழுதியபோது படுக்கையறைச் சுவரில் மே 24இன் குண்டு ஓட்டைகளைப் பூசாமல்தான் விட்டிருந்தார்கள். இன்றும் பூசவில்லை.